மோட்டார் முனகினால் காயிலைக் குறை சொல்லாதீர்கள்: டெல்டாவில் வீடும் கொல்லையும் புதிதாக எடுத்தவர்களுக்கு மின்சுற்று வழிகாட்டி

கொல்லையில் போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று முனகுகிறதே தவிர தண்ணீர் ஏறவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் "காயில் போயிருக்கும்" என்பார்கள். காயில் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள். கழற்றி, காயில் கட்டி, மறுபடி மாட்டி நாலு மாதம் ஆவதற்குள் அதே முனகல். கும்பகோணம் பக்கமானாலும் மன்னார்குடி பக்கமானாலும் இந்தக் கதை ஒன்றுதான். பல வீடுகளில் மோட்டார் பாவம் செய்யவில்லை. வீட்டிலிருந்து கொல்லைக்கு இழுத்த வயர் ஒல்லியாக இருக்கும், அல்லது நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று புழுங்கிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் ஆக வேண்டியதில்லை, வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றும் புரிந்தால் போதும்.

எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடலாம். கீழே வரும் சோதனைகளில் பேட்டரியில் செய்பவை உங்களுக்கு. 230 வோல்ட்டில் கைவைக்கும் வேலை உரிமம் உள்ள ஒயர்மேனுக்கு. கணக்குப் போடுவதும், கேள்வி கேட்பதும், பக்கத்தில் நின்று பார்ப்பதும் உங்கள் வேலை.

1. காகிதத்தைச் சரிபார்த்துவிட்டு வயரைத் தொடுங்கள்

மின் கட்டண ரசீதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கட்டணப் பிரிவு, எத்தனை கிலோவாட் மின்பளு, ஒருமுனையா (சிங்கிள் ஃபேஸ்) மும்முனையா (த்ரீ ஃபேஸ்). வீடு வாங்கியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பழைய இணைப்பு பெரும்பாலும் முன்னாள் உரிமையாளரின் அப்பா பெயரிலேயே கிடக்கும். பெயர் மாற்றாமல் மின்பளுவைக் கூட்டவோ மும்முனைக்கு மாறவோ போனால் அந்த இடத்திலேயே வேலை நின்றுவிடும்.

பெயர் மாற்றத்துக்குக் கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது, ஆதார் நகல்களை எடுத்து வையுங்கள். வாரிசாக வந்த சொத்து என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் மூன்றும் சேரும். விவசாய இணைப்பாக இருந்தால் சிட்டா, அடங்கல், புலப்படம், கிணறும் நிலமும் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று ஆகியவையும் கேட்பார்கள். கூட்டுப் பட்டாவா? பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் ஒரு பங்காளி இருந்தால் அந்த ஒரு கையெழுத்துக்கே மாதங்கள் ஓடும், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு அதைச் சொல்லித்தான் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்பாதீர்கள்.

விவசாய இணைப்பில் வரும் இலவச மின்சாரத்தை வீட்டு விளக்குக்கோ, கட்டுமானத்துக்கோ இழுப்பது பலரும் விழும் குழி. "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது ஆய்வுக்கு வருபவரிடம் செல்லாது, அபராதம் உண்டு. புது வீடு கட்டத் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும். அதன் கட்டணப் பிரிவு வேறு, யூனிட் விலையும் கூடுதல். வேலை முடிந்ததும் வீட்டுப் பிரிவுக்கு மாற்ற நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக மாறாது.

2. தலைமடையும் கடைமடையும்

ஆற்றில் தண்ணீர் திறந்தால் தலைமடையில் முழங்கால் அளவு பாயும், கடைமடைக்குப் போகும்போது கணுக்கால் நனைந்தால் பெரிது. டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான். அதை ஒட்டிய வீட்டில் 230 வோல்ட் இருக்கும்போது லைனின் கடைசி வீட்டில், எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில், 200கூட இருக்காது.

தள்ளும் அழுத்தம் வோல்ட். ஓடும் அளவு ஆம்பியர். வழியில் தடுப்பது ஓம். வோல்ட் = ஆம்பியர் × ஓம். வாட் = வோல்ட் × ஆம்பியர். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

வாய்க்கால் உவமையை ஓர் இடத்தில் கைவிட வேண்டும். வயலில் பாய்ந்த தண்ணீர் அங்கேயே தங்கிவிடும், கரண்ட் அப்படித் தங்காது. ஃபேஸ் என்னும் போகும் கம்பியில் எத்தனை ஆம்பியர் போனதோ அத்தனையும் நியூட்ரல் என்னும் திரும்பும் கம்பியில் திரும்பியாக வேண்டும். அதனால்தான் இதைச் 'சுற்று' என்கிறோம். போனதற்கும் வந்ததற்கும் கணக்கு இடித்தால், வேறு எதன் வழியாகவோ, சில சமயம் ஒரு மனிதரின் உடம்பு வழியாக, கசிகிறது என்று பொருள். ஆறாவது படியில் இந்தக் கணக்கு உயிரைக் காக்கும்.

அளவு மனதில் பதிய: 9 வாட் எல்.இ.டி. பல்ப் 0.04 ஆம்பியர், 75 வாட் ஃபேன் 0.33, 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3, 2,000 வாட் கீசர் 8.7. ஒரு எச்.பி. மோட்டார் என்றால் 746 வாட்தானே, 3 ஆம்பியர் போதுமே என்று கணக்குப் போடாதீர்கள். 746 என்பது மோட்டார் வெளியே தரும் வேலை. அது உள்ளே இழுப்பது அதைவிட அதிகம், ஒருமுனை மோட்டாரில் 7 ஆம்பியர் அளவில் வரும். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள ஆம்பியரே உங்கள் கணக்குக்கு உரியது.

3. முதலில் மேசைமேல் பழகுங்கள்

1.5 வோல்ட் பேட்டரி நான்கு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, டார்ச் பல்ப் இரண்டு, ஒரு நீளமான இரும்பு ஆணி, காயில் கட்டும் கடையில் மிச்சம் விழும் எனாமல் கம்பி ஐந்து மீட்டர், கொஞ்சம் இரும்பு நார், சாதாரண மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். இரண்டு மாலை நேரம் போதும்.

இரண்டு பல்பை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுங்கள். இரண்டும் மங்கும், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். இது தொடர் இணைப்பு. இரண்டையும் தனித்தனியே பேட்டரிக்கு இழுத்தால் இரண்டும் பளிச்சென்று எரியும். அது பக்க இணைப்பு, வீட்டில் எல்லாமே அப்படித்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஆனால் தளர்ந்த ஒட்டு ஒன்று இருந்தால், அது யாரும் கூப்பிடாமல் வந்து மோட்டாரோடு தொடரில் நின்றுகொள்ளும் இன்னொரு பல்ப் மாதிரி. மோட்டாருக்கு வரவேண்டிய வோல்ட்டை அது தின்றுவிடும்.

வெப்ப விளைவுக்கு, பீங்கான் தட்டில் இரும்பு நாரின் ஓர் இழையை வைத்து 9 வோல்ட் பேட்டரியின் இரு முனையையும் தொடுங்கள். சிவந்து அறுந்துவிடும். ஃபியூஸ் வேலை செய்வது இப்படித்தான். காந்த விளைவுக்கு, ஆணியில் எனாமல் கம்பியை நூறு சுற்றுச் சுற்றி 1.5 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் குண்டூசியை இழுக்கும். இழுக்கவில்லையா? கம்பி முனையில் எனாமலைச் சுரண்டாமல் விட்டிருப்பீர்கள், பத்தில் எட்டுப் பேர் செய்யும் தப்பு இது. பத்து விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள், கம்பி சுடும். மோட்டார் சுழல்வதும் ஸ்டார்ட்டர் 'டக்' என்று பிடிப்பதும் இதே காந்தத்தால்தான். வோல்ட் குறைந்தால் பிடி தளர்ந்து ஸ்டார்ட்டர் 'டகடக'வென்று அடித்துக்கொள்ளும்.

வேதி விளைவுக்கு, வாஷிங் சோடா கரைத்த நீரில் இரண்டு பென்சில் குச்சிகளைத் தொடாமல் நிறுத்தி 9 வோல்ட் கொடுங்கள். இரண்டிலும் குமிழி வரும், நெகட்டிவ் பக்கம் அதிகமாக. உப்புப் போட்டுச் செய்யாதீர்கள், குளோரின் வரும். இதில் கொல்லைக்கு உதவும் பாடம் ஒன்று உண்டு. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு குட்டிப் பேட்டரி ஆகி அலுமினியத்தை அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இது இன்னும் வேகம். அலுமினிய சர்வீஸ் வயரோடு செம்பு வயரை வெறுமனே முறுக்கும் ஒயர்மேனைத் தடுத்து, இரு உலோகத்துக்கும் ஏற்ற லக் (வயர் முனையில் இறுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டு) போடச் சொல்லுங்கள்.

4. வயர் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன், மெயின் போர்டிலிருந்து போர் வரை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 60 மீட்டர் என்று வைப்போம். கரண்ட் போய்த் திரும்புவதால் வயரின் நீளம் 120 மீட்டர். இந்த 'இரண்டால் பெருக்கு' என்பதைப் பல கடைக்காரர்களே மறந்துவிடுகிறார்கள்.

செம்பு வயரின் தடை ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக: 1 சதுர மில்லிமீட்டர் வயர் 18 ஓம், 2.5 வயர் 7.4 ஓம், 4 வயர் 5 ஓம்.

1 சதுர மில்லிமீட்டர் போட்டால் 120 மீட்டருக்கு 2.2 ஓம். 7 ஆம்பியருக்கு 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். "வெறும் 15தானே" என்று தோன்றும். ஆனால் சிக்கல் மோட்டார் கிளம்பும் நொடியில் இருக்கிறது. அப்போது அது ஆறு மடங்கு வரை இழுக்கப் பார்க்கும். வயரின் தடை குறுக்கே நிற்பதால் மோட்டார் முனையில் 230க்குப் பதில் 165 வோல்ட் அளவே மிஞ்சும். சுழற்றும் திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பாதிதான் கிடைக்கும். இது லைனில் 230 இருக்கும் நல்ல வேளையின் கணக்கு. மாலையில் 200 வந்தால் திறன் பத்தில் நாலு பங்குக்கு இறங்கும். மோட்டார் சுற்றாமல் முனகும், முனகும்வரை பல மடங்கு ஆம்பியர் காயிலில் ஓடிச் சூடேற்றும். காயில் எரிவது இங்கேதான்.

அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஓடும்போது இழப்பு 4 வோல்ட், கிளம்பும்போது மோட்டாருக்கு 208 வோல்ட் கிடைக்கும், திறன் பத்தில் எட்டு. 2.5 வயரில் 198 வோல்ட், திறன் பத்தில் ஏழரை அளவு. லைனில் வோல்டேஜ் நன்றாக இருக்கும் ஊருக்கு 2.5 சமாளிக்கும். கடைமடை வீட்டுக்கு நான் 4தான் சொல்வேன்.

செலவை இப்படிப் பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் வயர் 106 வாட் வீதம் சும்மா சூடாகிறது. தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் சுமார் 13 யூனிட், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறைக்காமல். 4 வயரில் இது 3.5 யூனிட். செம்பு விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் மூன்று அளவுக்கும் அன்றைய விலையைக் கேட்டு எழுதி, வித்தியாசத்தை ஒரு தடவை காயில் கட்டும் செலவோடும் மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலியோடும் ஒப்பிடுங்கள். தடித்த வயர் முதல் காயிலிலேயே கணக்கைத் தீர்த்துவிடும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், வயர்மேல் அச்சிட்ட அளவும் பாருங்கள். "இதுவும் 2.5 மாதிரிதான்" என்று கடைக்காரர் சொன்னால் அது 2.5 இல்லை.

5. ஒட்டு: டிரிப் ஆகாத நெருப்பு

வெப்பம் ஆம்பியரின் வர்க்கம் × ஓம். தளர்ந்த ஒட்டில் அரை ஓம் இருந்து 7 ஆம்பியர் ஓடினால் 24.5 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை டேப்புக்குள் சுற்றி வைத்த மாதிரி. கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. அதன் கண்ணுக்கு ஓடுவது அதே 7 ஆம்பியர்தான்.

அடையாளங்கள்: பிளக் பின் பழுப்பேறும், மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை, மோட்டார் போட்டால் ஹாலில் ஃபேன் ஏறி இறங்கும். ஒயர்மேனிடம் ஒரே ஒரு சோதனை கேளுங்கள். மோட்டார் ஓடும்போது போர்டிலும் மோட்டார் முனையிலும் வோல்ட்டை அளந்து எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் நான்காம் படியில் போட்ட கணக்கைவிடக் கூடினால் மிச்சம் ஒட்டில் இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு அளந்தால் எல்லா வயரும் 230 காட்டும், அறுகிற நிலையில் உள்ள வயர்கூட. கரண்ட் ஓடாத தடையில் இழப்பு ஏது? "டெஸ்டர் எரியுது, கரண்ட் வருது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் ஒயர்மேனுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

மும்முனை வீட்டில் சில பல்ப் கண் கூசும்படி எரிந்து மற்றவை மங்கினால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. அந்த நிமிடமே மெயினை அணையுங்கள். டி.வி., ஃபிரிட்ஜ் போவது இப்படித்தான்.

6. எம்.சி.பி., எர்த், ஆர்.சி.சி.பி.: மூன்றும் வேறு வேறு

எம்.சி.பி. காப்பது வயரை. 1.5 வயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 25 என்பது வழக்கமான பொருத்தம். மோட்டாருக்கு, அது கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரண்டுக்கு உடனே விழாத 'சி' வகை. அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றி 32 மாட்டுவது வயரைப் பலி கொடுக்கும் வேலை.

எர்த் (மோட்டார் பாடியை மண்ணோடு இணைக்கும் கம்பி) இருந்தால் ஷாக் அடிக்காது என்பது பாதி உண்மை. மோட்டார் பாடியில் ஃபேஸ் தொட்டுவிட்டது என்று வைப்போம். எர்த் குழியின் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 1 ஓம். ஓடுவது 230 ÷ 21, அதாவது 11 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. மோட்டார் பாடி 219 வோல்ட்டில் அப்படியே நிற்கும், யாராவது வந்து தொடும்வரை. குழி நல்ல குழியாக, 5 ஓம் இருந்தாலும் 38 ஆம்பியர்தான், எம்.சி.பி. உடனே விழாது.

இந்த ஓட்டையை அடைப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போனதும் வந்ததும் இடிக்கிறதா என்று பார்த்து, 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். எர்த் 200 ஓம் இருந்தாலும் அதற்குப் போதும். ஒருமுனை வீட்டுக்கானது பெரும்பாலும் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை கிடைக்கும். மாட்டியதும் தொட்டதற்கெல்லாம் விழுந்தால், எங்கோ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்திருப்பார்கள். அதைத் தேடிப் பிரிக்காமல் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம், நீங்கள் அதற்குச் சம்மதிக்காதீர்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கையால் பிடித்தவரை இதுவும் காப்பாற்றாது.

எர்த் குழிக்கு 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றி கரியும் உப்பும். டெல்டாவின் களிமண் ஐப்பசி, கார்த்திகையில் ஊறிக் கிடக்கும்போது எர்த் அளந்தால் எண் அழகாக வரும். சித்திரையில் மண் பாளம் பாளமாக வெடித்தபின் அளந்து பாருங்கள், அந்த எண்தான் உண்மை. கோடையில் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கடலோர உப்பு மண்ணில் தடை குறைவுதான், ஆனால் பைப்பும் கிளாம்பும் அரித்துப்போகும். வருடம் ஒருமுறை தோண்டிப் பாருங்கள்.

7. உடம்பும் ஒரு வயர்தான்

1 மில்லிஆம்பியரில் சுருக்கென்று இருக்கும். 10ஐத் தாண்டினால் கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. 30க்கு மேல் சில விநாடி நீடித்தால் இதயத் துடிப்பு குலையலாம். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் தடை 1,000 ஓம் என்றால் 230 மில்லிஆம்பியர் ஓடும்.

மழைக்காலத்தில் வயலில் கம்பி அறுந்து கிடந்தால், தண்ணீர் தேங்கிய அந்த வயல் முழுக்க ஆபத்து. இறங்காதீர்கள், மாட்டையும் விடாதீர்கள். 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணுக்கோ லைன்மேனுக்கோ சொல்லிவிட்டு, வரப்பில் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி காய இரும்புக் கம்பி கட்டாதீர்கள், நைலான் கயிறு போதும். மின்கம்பத்திலோ இழுவைக் கம்பியிலோ மாடு கட்டாதீர்கள். எலிக்கும் பன்றிக்கும் வயலைச் சுற்றிக் கரண்ட் வைப்பது குற்றம், அதில் சாவது பெரும்பாலும் விடியலில் மடை பார்க்க வரும் ஆள்தான்.

8. வயல் மோட்டார் மும்முனை என்றால்

5 எச்.பி. மோட்டாரில் மூன்று ஃபேஸும் ஓடும்போது ஒன்று போய்விட்டால், மீதி இரண்டிலும் ஆம்பியர் 1.7 மடங்குக்கு ஏறும், சில நிமிடங்களில் காயில் கருகும். ஸ்டார்ட்டரில் ஒற்றை ஃபேஸ் தடுப்பான் இருக்கிறதா, ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிலேயைக் கடைசிவரை திருகி வைத்திருப்பார்கள், 'நிற்காமல் ஓட' என்று. இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டும் வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். நாற்றங்கால் காயும் அவசரத்தில் மனம் போகும், ஆனால் ஃபேஸ்களுக்குள் ஆம்பியர் சமமில்லாமல் காயில் சூடேறும். புதிதாக இணைத்தபின் தண்ணீர் குறைவாக வந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். ஏதாவது இரண்டு ஃபேஸை இடம் மாற்றினால் சரியாகும்.

9. எந்த மாதத்தில் எந்த வேலை

மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்பது வழக்கம். அதை ஒட்டிக் குறுவை வேலை தொடங்கும்போது காயில் கடையில் வரிசை நிற்கும், ஒயர்மேன் ஃபோனை எடுக்க மாட்டார். அதற்குள் முடித்துவிடுங்கள். சம்பா அறுத்தபின் மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும், பள்ளம் வெட்டி வயர் பதிக்க அதுவே நேரம். எர்த் அளப்பது சித்திரையில். ஒட்டுகளையும் ஆர்.சி.சி.பி.யையும் பார்ப்பது புரட்டாசியில், மழைக்கு முன்.

வயரைப் பைப்புக்குள் விட்டு முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் பதியுங்கள், நடுவில் ஒட்டே வேண்டாம். பள்ளத்தை மூடுமுன் ஃபோனில் படம் எடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து மெயின் போர்டு கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டுபவர் அதைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடுக்கட்டும்.